இறால் வளர்ப்பும் ஏற்றுமதியும்: அரசின் விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோர மாவட்டங்களில் இறால் பண்ணை வைத்திருப்பவர்கள், வைக்க நினைப்பவர்கள், பக்கத்து நிலத்தில் பண்ணை வந்துவிட்டதே என்று கவலைப்படுபவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. மூவருக்கும் ஒரே பதில் இனிக்காது. இந்தத் தொழிலுக்கான விதிகளில் பாதி சென்னையிலும் டெல்லியிலும் எழுதப்படுகின்றன. மறுபாதி வாஷிங்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸிலும் எழுதப்படுகின்றன. வலுவாக நடைமுறைக்கு வருவது பெரும்பாலும் அந்த மறுபாதிதான்.

மீன், நண்டு, கணவாய் எல்லாம் இருக்க, இறாலுக்கு மட்டும் அரசு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறது?

டாலருக்காகத்தான். 2024-25 நிதியாண்டில் இந்தியா சுமார் 16.98 லட்சம் டன் கடல் உணவை ஏற்றுமதி செய்து 62,408 கோடி ரூபாய் ஈட்டியது. அதில் உறைந்த இறாலின் பங்கு மட்டும் 43,334 கோடி. எடையில் பாதிக்கும் குறைவு, பணத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு. 7.41 லட்சம் டன் இறாலில் 3.11 லட்சம் டன் அமெரிக்காவுக்கே போனது.

இப்படி ஒரே பொருளையும் ஒரே நாட்டையும் நம்பியிருப்பதில் உள்ள ஆபத்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் நல்ல விலை கிடைக்கும் வரை யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்போது பண்ணைகளில் வளர்க்கும் வன்னமி இறால் நம் ஊர் இறாலா?

இல்லை. மெக்சிகோவிலிருந்து பெரு வரையிலான பசிபிக் கடற்கரைதான் அதன் தாயகம். 1990-களில் இங்கே வளர்த்தது வரி இறால் என்கிற டைகர் இறால். வெண்புள்ளி நோய் வந்து குட்டைகளை அடுத்தடுத்து அழித்த பிறகு, சில ஆண்டு வெள்ளோட்டம் பார்த்துவிட்டு 2009-ல் மத்திய அரசு வன்னமிக்கு முறையாக அனுமதி அளித்தது. அதற்கு ஒரு நிபந்தனையும் விதித்தது. நோயற்றவை என்று சான்று பெற்ற தாய் இறால்களை மட்டுமே இறக்குமதி செய்யலாம். அவை சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்கிச் சோதனையில் தேறிய பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்குப் போக வேண்டும்.

அந்தத் தாய் இறால்கள் ஹவாய், ஃபுளோரிடா போன்ற இடங்களிலிருந்து விமானத்தில் வருகின்றன. அவற்றின் பிள்ளைகள் நான்கு மாதம் இங்கே வளர்ந்து, உறைந்த பெட்டிகளில் மறுபடியும் அமெரிக்காவுக்கே போகின்றன. இனப்பெருக்க மையங்களை உள்நாட்டிலேயே அமைக்க 2024 மத்திய பட்ஜெட்டில் நிதி உதவி அறிவித்தார்கள். தாய் இறாலுக்கும் இறால் தீவனத்துக்கும் சுங்க வரியை 5 விழுக்காடாகக் குறைத்ததும் அதே பட்ஜெட்தான்.

எனக்குக் கடலோரத்தில் இரண்டு ஏக்கர் இருக்கிறது. குட்டை வெட்டலாமா?

அது எந்த நிலம் என்பதைப் பொறுத்தது. நஞ்சை நிலமாக இருந்தால் கூடாது. சதுப்புநிலக் காடு, உப்பளம், ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றிலும் கூடாது. உவர்ப்பேறிப் பயிர் ஏறாத நிலம் என்றால் விண்ணப்பிக்கலாம்.

உவர்நீரில் வளர்க்கும் எந்தப் பண்ணையும், அளவில் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான இந்த ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. விண்ணப்பம் முதலில் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகும். இரண்டு ஹெக்டேருக்கு மேற்பட்டது என்றால் மாநிலக் குழுவும் பார்க்கும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது ஏற்றத்தின்போது கடல்நீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் பண்ணை இருக்கக் கூடாது. வன்னமி என்றால் சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகளுக்கு மேல் விடக் கூடாது. கழிவுநீரைத் தேக்கித் தெளியவைக்கும் குட்டையும் வேண்டும்.

நடைமுறையில் பலர் விட்டுவிடுவது அந்தத் தெளிவுக்குட்டையைத்தான். இருக்கும் இடத்தில் இன்னொரு வளர்ப்புக் குட்டை போட்டால் காசு என்று கணக்குப் போடுகிறார்கள். அறுவடையன்று திறந்துவிடும் கறுத்த நீர் வாய்க்காலில் இறங்குகிறது. அதே வாய்க்காலிலிருந்து அடுத்த பண்ணைக்காரர் மோட்டார் போட்டு நீர் எடுக்கிறார். ஒரு குட்டையில் வந்த நோய் ஒரு வாரத்தில் ஊரையே சுற்றி வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இவ்வளவு கட்டுப்பாடு எப்படி வந்தது? அரசே யோசித்துக் கொண்டுவந்ததா?

இல்லை. நாகப்பட்டினம் பகுதி மக்கள் போராடியும் வழக்காடியும் வாங்கியது.

1990-களின் தொடக்கத்தில் இறாலை 'இளஞ்சிவப்புத் தங்கம்' என்றார்கள். பெரிய நிறுவனங்கள் காவிரிக் கடைமடையில் நிலத்தை வளைத்தன. நெல் விளைந்த வயலில் உப்புநீர் நின்றது. கிணறு உப்பானது. நிலம் வாங்கியவர் நகரத்தில் இருந்தார். அந்த நிலத்தில் நடவு நட்டும் களை பறித்தும் பிழைத்த கூலித் தொழிலாளிக்கு வேலை போனது. ஓர் ஏக்கர் நெல்லுக்குத் தேவைப்படும் ஆட்களில் ஒரு சிறு பகுதி ஆட்கள் போதும் இறால் குட்டைக்கு. கடலுக்குப் போகும் பாதையைப் பண்ணை வேலி மறித்ததால் மீனவர்களும் எதிர்த்தார்கள்.

கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு அந்தப் பகுதியிலேயே தங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் பெற்றுத் தரும் பணியில் இறங்கியவர்கள் காந்தியவாதிகளான எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும். பெற்றுத் தந்த நிலத்தின் பக்கத்திலேயே உப்புநீர் வந்து நின்றபோது, எண்பதை ஒட்டிய வயதில் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் களத்தில் ஆராய்ந்து, சமூகத்துக்கும் சூழலுக்கும் ஏற்பட்ட சேதம் இறால் ஈட்டிய வருவாயைவிட அதிகம் என்று அறிக்கை அளித்தது. 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு வழங்கியது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை இடிக்க வேண்டும், விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது, வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு இழப்பீடு தர வேண்டும், மாசுபடுத்தியவரே சேதத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் உத்தரவிடப்பட்டது.

பிறகு அந்தப் பண்ணைகள் இடிக்கப்பட்டனவா?

தீர்ப்பு சொன்ன அளவுக்கு இல்லை. மறுஆய்வு மனுக்கள் போடப்பட்டன, இடைக்காலத் தடைகள் வந்தன, மசோதாக்கள் வந்தன. கடைசியில் 2005-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடையிலிருந்து இறால் வளர்ப்புக்கு முன்தேதியிட்டு விலக்கு அளித்தது. நீதிமன்றம் மூடிய கதவை நாடாளுமன்றம் திறந்துவிட்டது. திறந்த கதவுக்குக் காவலாக ஓர் ஆணையத்தையும் நிறுத்தியது. நஞ்சையைத் தொடக் கூடாது என்பது மட்டும் விதியாகத் தங்கியது. வழக்கில் தோற்றார்களா, வென்றார்களா என்று கேட்டால், அந்த ஒரு விதிக்காக வென்றார்கள் என்றுதான் சொல்வேன்.

அந்த 2005 சட்டத்துக்கு 2023-ல் வந்த திருத்தம் என்ன செய்தது?

மூன்று முக்கிய மாற்றங்கள். பதிவில்லாமல் பண்ணை நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை என்றிருந்த பிரிவு நீங்கியது, இனி அபராதம்தான். குஞ்சு பொரிப்பகங்களும் தாய் இறால் பெருக்க மையங்களும் கடலுக்கு அருகே, 200 மீட்டருக்குள்ளும் இயங்க வழி செய்யப்பட்டது. கூண்டு வளர்ப்பு, கடற்பாசி வளர்ப்பு போன்றவையும் சட்டத்தின் கீழ் வந்தன.

சிறைத் தண்டனை நீங்கியதைப் பலர் பெரிய சலுகையாகச் சொல்கிறார்கள். சின்னப் பண்ணைக்காரரின் தலைக்கு மேல் தொங்கிய கத்தி போனது நல்லதுதான். ஆனால் பெரிய பண்ணைக்கு அபராதம் என்பது இன்னொரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான்.

'30 கவுண்ட்', '100 கவுண்ட்' என்கிறார்களே, அது என்ன?

ஒரு கிலோவில் நிற்கும் இறால்களின் எண்ணிக்கை. 30 கவுண்ட் என்றால் ஒன்று சுமார் 33 கிராம்; 100 கவுண்ட் என்றால் 10 கிராம். எண் குறையக் குறைய விலை ஏறும்.

அறுவடைக்கு முன் ஏஜெண்ட் வந்து குட்டையின் பல இடங்களில் வீச்சு வலை போடுவார். விழுந்ததை நீர் வடித்து, ஒரு கிலோ நிறுத்து, தரையில் கொட்டி எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையில் இரண்டு மூன்று கூடினாலும் குறைந்தாலும் டன் கணக்கில் விலை மாறும் என்பதால், எண்ணும்போது பண்ணைக்காரர் கண்ணை எடுக்க மாட்டார். தோல் மெலிந்தவை தனியே போகும். சந்திர நாள் பார்த்து அறுவடை வைப்பதும் இதற்காகத்தான்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறால் தோல் உரிக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

விலையை யார் நிர்ணயிக்கிறார்கள்?

ஏற்றுமதி நிறுவனங்கள். நெல்லுக்கு இருப்பதுபோல இறாலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. இறாலைப் பிடித்து வைத்துக் காத்திருக்கவும் முடியாது. குட்டையிலேயே விட்டு வைத்தால் தீவனச் செலவு ஏறும், நோய் பயம் வேறு. செலவில் பாதியை ஒட்டித் தீவனமே விழுங்கிவிடுகிறது. தீவனத்தைக் கடனுக்குக் கொடுத்தவரே இறாலையும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பல ஊர்களில் உண்டு. அங்கே பேரம் பேச எதுவும் மிஞ்சாது.

அமெரிக்க வரி பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அது அடுக்கடுக்காக வந்தது. 2005 முதல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி இருக்கிறது. அடக்கவிலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டுகிறீர்கள் என்பது அமெரிக்க மீனவர்களின் புகார். 2024-ல், உங்கள் அரசு மானியம் தருகிறது என்று சொல்லி மானியத்தை ஈடுகட்டும் வரி சேர்ந்தது. இவற்றுக்கு மேல் 2025 ஏப்ரலில் 10 விழுக்காடு, அது ஆகஸ்ட் 7-ல் 25 ஆனது, ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக ஆகஸ்ட் 27-ல் மேலும் 25. எல்லாம் கூட்டினால் அப்போது 58 விழுக்காட்டை ஒட்டி நின்றது. அதே நேரத்தில் போட்டியாளரான எக்குவடாருக்கு 15, வியட்நாமுக்கு 20.

எண்ணெய் வாங்கியது யாரோ. அதற்கான விலை சீர்காழியிலும் ஆந்திராவின் பீமாவரத்திலும் குட்டையோரத்தில் கழிக்கப்பட்டது. வாங்குபவர் வரியை ஏற்றுமதியாளரிடம் தள்ளுவார், அவர் கவுண்ட் விலையைக் குறைப்பார், பண்ணைக்காரருக்குத் தள்ள ஆள் கிடையாது. 2025 ஏப்ரலில் வரி அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே, வரி நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, ஆந்திராவில் கொள்முதல் விலை இறங்கியது. வரி குறைந்தபோது விலை அதே வேகத்தில் ஏறுமா என்பதை ஒவ்வொருவரும் தம் பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

மாற்றுச் சந்தைகளைத் தேடும் வேலையும் நடக்கிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம் இந்திய இறாலுக்கான வரியை நீக்க வகை செய்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் மேலும் 102 இந்திய நிறுவனங்களைத் தன் பட்டியலில் சேர்த்தது.

ஆன்டிபயாடிக் பிரச்சினை என்றால் என்ன? அறுவடைக்கு முன் ஏன் சோதனை?

குளோரம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற மருந்துகளின் எச்சம் இறாலில் இருக்கவே கூடாது என்பது ஐரோப்பிய விதி. கொஞ்சம் இருக்கலாம் என்ற பேச்சே கிடையாது. 2016-ல் இந்தியச் சரக்குகளில் 10 விழுக்காட்டைச் சோதித்துவந்த ஐரோப்பிய ஒன்றியம் அதை 50 ஆக்கியது. அதாவது இரண்டில் ஒரு சரக்குத் துறைமுகத்தில் நின்று சோதனை முடிவுக்காகக் காத்திருக்கும்.

இதனால்தான் அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன் குட்டையிலிருந்து மாதிரி எடுத்து, எம்பெடா என்கிற கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சான்று வாங்க வேண்டியிருக்கிறது. 1972-ல் தொடங்கப்பட்ட எம்பெடாவின் தலைமையகம் கொச்சியில் உள்ளது. இறாலைப் பதப்படுத்தும் ஆலையை ஏற்றுமதி ஆய்வுக் குழு தனியே பார்க்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெண்புள்ளி நோய் வைரஸால் வருவது. வளர்ச்சியை நிறுத்தும் இ.எச்.பி. ஒரு நுண் ஒட்டுண்ணி. இரண்டையும் ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஆனாலும் குட்டையில் இறால் ஓரம் ஒதுங்கத் தொடங்கியதும் மருந்துக் கடைக்காரர் ஏதோ ஒரு டப்பாவை எடுத்து நீட்டுவார். 'நோய் எதிர்ப்புச் சத்து' என்று மட்டும் எழுதியிருக்கும். உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிடாத எதையும் குட்டையில் கொட்ட வேண்டாம். தடை செய்யப்பட்ட பொருள் அதில் இருந்தால் மாட்டுவது நீங்கள், கடைக்காரர் அல்ல.

கடலில் பிடிக்கும் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லையாமே?

ஆம். 2019 முதல் நம் கடலில் பிடித்த இறாலுக்கு அங்கே இடமில்லை. வளர்ப்பு இறாலுக்குத் தடையில்லை. காரணம் ஆமை. இழுவலையில் கடலாமைகள் சிக்கி மூச்சுமுட்டிச் சாகின்றன; அவற்றை வெளியேற்றும் கம்பிச் சட்டத்தை வலையில் பொருத்தாத நாட்டின் கடல் இறாலை வாங்கக் கூடாது என்பது 1989-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம்.

இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் சேர்ந்து உலக வணிக அமைப்பில் இதை எதிர்த்தன. 1998-ல் வந்த தீர்ப்பு, ஆமையைக் காக்கும் நோக்கம் சரி, அதை நாட்டுக்கு நாடு பாகுபாட்டோடு நடைமுறைப்படுத்தியது தவறு என்றது. நாம் வென்றதாகக் கொண்டாடினோம். சட்டம் இன்றும் இருக்கிறது.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கு ஏற்ற ஆமை விலக்கு சாதனத்தை வடிவமைத்திருக்கிறது. அதன் வழியே மீனும் போய்விடுகிறது என்பது விசைப்படகுக்காரர்களின் முறையீடு. அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது என்று பேசாமல் சட்டம் மட்டும் போட்டால் சாதனம் படகில் ஏறும், வலையில் ஏறாது. இதற்கிடையில் 2025 ஜனவரியில் சென்னையைச் சுற்றிய கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அமெரிக்கா கேட்டதற்காக அல்ல, இதற்காகவாவது அந்தச் சாதனம் வலையில் ஏற வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் இறால் பண்ணைகளுக்கும் உண்டா?

கிடையாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை, கடலில் மீன் பிடிக்கும் விசைப்படகுகளுக்கானது. ஆனால் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. இழுவலையில் வரும் கழிசல் மீன்தான் மீன்தூளாகி இறால் தீவனத்தில் சேர்கிறது. கடலுக்கு மாற்றாக வந்தது என்று சொல்லப்படும் பண்ணை, கடலையும் கொஞ்சம் தின்றுதான் வளர்கிறது.

மானியம், காப்பீடு, கடன்: எதெல்லாம் கிடைக்கும்?

2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் புதிய குட்டை, பொரிப்பகம், குளிர்பதன வாகனம் ஆகியவற்றுக்குப் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு மானியம் என்பது அடிப்படை. முதலில் நீங்கள் செலவு செய்ய வேண்டும், மானியம் பிறகு வரும். விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீன் வளர்ப்போருக்கும் உண்டு.

2024-ல் வந்த துணைத் திட்டத்தில், காப்பீட்டு பிரீமியத்தில் 40 விழுக்காட்டை ஒருமுறை ஊக்கத்தொகையாகத் தருகிறார்கள். நான்கு ஹெக்டேர் வரைதான். பதிவுச் சான்று இல்லாத பண்ணைக்கு இவற்றில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். குத்தகைக்குப் பண்ணை எடுத்தவர் நிலைமை இன்னும் மோசம். சான்று நில உரிமையாளர் பெயரில், நோயும் நட்டமும் குத்தகைதாரர் பெயரில்.

உள்ளூர் மார்க்கெட்டில் விற்கும் வன்னமிக்கும் அதே சோதனைகள் உண்டா?

மருந்து எச்சத்துக்கான வரம்புகளை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் வகுத்திருக்கிறது. ஆனால் ஏற்றுமதிச் சரக்கைப்போல அறுவடைக்கு முன் குட்டை குட்டையாக மாதிரி எடுத்துச் சான்று தரும் முறை உள்ளூர் விற்பனைக்கு இல்லை. பிரஸ்ஸல்ஸில் இருப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பட்டுக்கோட்டையில் இருப்பவருக்கு இல்லை.

உள்நாட்டில் இறால் சாப்பிடுபவர்கள் கூடினால் அமெரிக்க வரிக்கு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை என்று ஒவ்வொரு நெருக்கடியிலும் அமைச்சர்கள் பேசுகிறார்கள். பேச்சு சரி. அதற்கு முதலில் வேண்டியது இறால் திருவிழா அல்ல, மாவட்டத் தலைநகரங்களில் குளிர்பதனத்தோடு கூடிய விற்பனையும் பண்ணையின் பதிவு எண் ஒட்டிய பொட்டலமும்தான். ஏற்றுமதிக்கு எந்தக் குட்டையில் எந்த நாளில் பிடித்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதையே இங்கும் விரித்தால் போதும்.

அதுவரை வாங்கும்போது கையால் பார்த்து வாங்குங்கள். தலை உடலோடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். தொட்டதும் கழன்றால் பழையது. தலையிலும் ஓட்டின் ஓரத்திலும் கறுப்பு படர்ந்திருந்தால் ஐஸ் வைக்கத் தாமதித்திருக்கிறார்கள் என்று பொருள். அமோனியா நெடி அடித்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.